புரோக்கருக்கும் வேண்டும் பதிவு எண்

'வீட்டில் ஒரு கம்ப்யூட்டரும் இன்டர்நெட் இணைப்பும் இருந்தால் போதும், மனை விற்றுக் கொடுத்துப் பகுதி நேரமாகச் சம்பாதிக்கலாம்' என்ற மாதிரி ஒரு விளம்பரம் உங்கள் வாட்ஸ்அப்பிற்கும் வந்திருக்கும். லே-அவுட் படத்தையும் விலையையும் நான்கு குரூப்களில் போட வேண்டும். யாராவது வாங்கினால் உங்களுக்கு இத்தனை சதவீதம். முதலீடு இல்லை, ஆபீஸ் இல்லை. என்னுடன் வேலை பார்க்கும் சாப்ட்வேர் நண்பர்கள் இரண்டு பேரே இதில் இருக்கிறார்கள்.

விளம்பரத்தில் சொல்லாத ஒரு விஷயம் உண்டு. இந்த வேலையைச் செய்பவர் சட்டப்படி ரியல் எஸ்டேட் ஏஜென்ட். அவர் அரசின் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்து எண் வாங்கியிருக்க வேண்டும்.

என் தாய்மாமா திருச்சிப் பக்கம் இருபத்தைந்து ஆண்டுகளாக வீடு, மனை புரோக்கர். 2022-ல் அவருக்கு இந்தப் பதிவை வாங்குவதற்காக கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவன் நான்தான். அப்போது சட்டத்தை ஒரு முறை முழுக்கப் படிக்க வேண்டி வந்தது. ஏஜென்ட் ஆக நினைப்பவர்களுக்கும், ஏஜென்ட் மூலம் மனை வாங்க நினைப்பவர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

ரெரா என்பது என்ன?

2016-ல் பாராளுமன்றம் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. 2017 மே 1 முதல் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. சுருக்கமாக ரெரா. தமிழ்நாட்டுக்கான விதிகள் அதே ஆண்டு ஜூனில் வெளியாயின. நமது மாநில ஆணையமே அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கும் சேர்த்துப் பொறுப்பு.

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில், அல்லது எட்டு வீடுகளுக்கு மேல் கட்டி விற்கும் திட்டங்கள் ஆணையத்தில் பதிவாக வேண்டும். இது ஓரளவு எல்லோருக்கும் தெரியும். சட்டத்தின் 9-ஆவது பிரிவு ஏஜென்ட்களைப் பற்றியது என்பது பலருக்குத் தெரியாது. பதிவு பெற்ற திட்டம் ஒன்றில் உள்ள மனையையோ வீட்டையோ விற்கவோ வாங்கவோ துணை செய்பவர், தானும் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. ஒரு மாநிலத்தில் ஒரு முறை பதிவு செய்தால் அந்த மாநிலம் முழுவதற்கும் செல்லும். ஓசூரில் இருந்துகொண்டு பெங்களூரு அபார்ட்மெண்டும் விற்பவர் என்றால் கர்நாடகத்திலும் தனியாகப் பதிவு செய்ய வேண்டும்.

வாட்ஸ்அப்பில் பார்வேர்டு செய்பவர் ஏஜென்டா?

நண்பர் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. "நான் பேரம் பேசுறது இல்ல, சைட்டுக்குக் கூட்டிட்டுப் போறது இல்ல. மெசேஜ் மட்டும்தானே அனுப்புறேன்?"

சட்டம் ஏஜென்ட் என்ற சொல்லுக்கு ஒரு விளக்கம் தருகிறது. மிக நீளமான வாக்கியம். அதில் நமக்கு முக்கியமானது இரண்டு விஷயங்கள். ஒன்று, கமிஷன் என்றோ வேறு பெயரிலோ பணம் பெறுவது. இன்னொன்று, வாங்குபவரையும் விற்பவரையும் 'எந்த ஊடகத்தின் மூலமாகவும்' அறிமுகப்படுத்துவது. எந்த ஊடகம் என்றால் வாட்ஸ்அப், பேஸ்புக், யூடியூப் எல்லாம்தான். புரோக்கர், இடைத்தரகர், டீலர் என்று எந்தப் பெயரில் அழைத்தாலும் சரி என்றும் சேர்த்திருக்கிறார்கள். 'ரெஃபரல் போனஸ்' என்று பெயர் மாற்றிக் கொடுப்பதால் தப்பித்துவிடலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. சட்டம் எழுதியவர்கள் ஓட்டையை அடைக்கத்தான் இவ்வளவு நீட்டியிருக்கிறார்கள்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் தன் பழைய ஓட்டு வீட்டை விற்க, நீங்கள் ஆள் பிடித்துக் கொடுக்கிறீர்கள் என்றால் இந்தப் பதிவு தேவைப்படாது. அது ஆணையத்தில் பதிவான திட்டம் அல்ல. வாடகைக்கு வீடு பார்த்துத் தருவதும் இதில் வராது. சட்டம் பேசுவது விற்பனையைப் பற்றி.

மாமா அதுவரை பதிவு செய்யாமல் இருந்ததற்கு இதுதான் காரணம். அவருடைய தொழிலில் முக்கால்வாசி பழைய வீடுகளும் தனி மனைகளும்தான். ஆனால் 2016 செப்டம்பரில் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்த பிறகு, வாங்க வருபவர்கள் எல்லோரும் 'அப்ரூவ்டு லே-அவுட்' தான் வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தார்கள். மாமாவும் மெல்ல அந்தப் பக்கம் போக வேண்டியதாயிற்று. ஒரு புதிய லே-அவுட்டுக்கு இரண்டு பேரை அழைத்துப் போனார். இருவருக்கும் மனை பிடித்துவிட்டது, அட்வான்சும் கொடுக்கத் தயார். அப்போதுதான் அந்த நிறுவனத்தின் மேனேஜர், "அண்ணே, உங்க ரெரா நம்பர் சொல்லுங்க. அது இல்லாம கமிஷன் செக் போட முடியாது" என்றாராம். அந்தக் கமிஷன் 70,000 ரூபாய்க்கு மேல். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு மாமா கணக்குப் பண்ணி வைத்திருந்த பணம்.

நிறுவனத்தைக் குறை சொல்ல முடியாது. திட்டத்தைப் பதிவு செய்யும்போதே அதன் ஏஜென்ட்களின் பெயர், முகவரியையும் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது.

பதிவு இல்லாமல் விற்றால் அபராதம் நாள் ஒன்றுக்கு 10,000 ரூபாய். அந்தச் சொத்தின் விலையில் 5 சதவீதம் வரை ஏறலாம். 20 லட்ச ரூபாய் மனை என்று வையுங்கள். 5 சதவீதம் ஒரு லட்சம். பத்தே நாளில் அந்த உச்சத்தைத் தொட்டுவிடும். 2 சதவீதக் கமிஷனில் மாமாவுக்குக் கிடைப்பது 40,000. இந்தக் கணக்கை கால்குலேட்டரில் போட்டுக் காட்டியதும், "சரி மாப்ள, எங்க கையெழுத்துப் போடணும்?" என்றார்.

உட்காரும் முன் தயார் செய்ய வேண்டியவை

விண்ணப்பத்தை ஆன்லைனில் அனுப்பலாம். கூகுளில் தேடினால் முதலில் வருபவை பெரும்பாலும் 'நாங்கள் வாங்கித் தருகிறோம்' என்கிற தனியார் ஏஜென்சிகளின் விளம்பரங்கள். அவற்றின் முகப்புப் பக்கம் அரசு வெப்சைட் போலவே இருக்கும். ஆணையத்தின் முகவரி 'ரெரா டாட் டிஎன் டாட் ஜிஓவி டாட் இன்'. கடைசியில் ஜிஓவி டாட் இன் இல்லாத தளத்தில் ஆதாரையோ பான் கார்டையோ ஏற்றாதீர்கள்.

போட்டோ, பான் கார்டு, தொழில் நடக்கும் இடத்துக்கான முகவரிச் சான்று ஆகியவை கட்டாயம் கையில் இருக்கட்டும். கடைசி மூன்று ஆண்டுகளின் வருமான வரிக் கணக்கையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்வது நல்லது. மாமாவுக்கு ஒரு ஆண்டின் ரசீது கிடைக்கவில்லை. வருமான வரித் துறையின் தளத்தில் அவருடைய கணக்கில் நுழைந்து பழைய ரிட்டர்னை டவுன்லோட் செய்தோம். ஐந்து நிமிட வேலைதான். பாஸ்வேர்டு தெரிந்திருந்தால்! அதை மீட்க அரை நாள் ஆனது.

பெயர் விஷயத்தில் கவனமாக இருங்கள். நம் ஊரில் இனிஷியல் என்பது பெரிய தலைவலி. மாமாவின் ஆதாரில் இனிஷியல் மட்டும், பான் கார்டில் தாத்தாவின் பெயர் முழுவதுமாக விரிந்து முன்னால் நிற்கிறது. பாங்க் புத்தகத்தில் இனிஷியல் பெயருக்குப் பின்னால். மூன்றையும் பார்த்தால் மூன்று மனிதர்கள் என்றுதான் ஒரு அதிகாரி நினைப்பார். முடிந்தால் முன்கூட்டியே திருத்திவிடுங்கள். விண்ணப்பத்தில் பான் கார்டில் உள்ளபடியே எழுதுங்கள்.

இ-பான், இ-ஆதார் ஆகியவற்றை டவுன்லோட் செய்தால் வரும் பிடிஎப் பைல்களுக்கு பாஸ்வேர்டு பூட்டு இருக்கும். அப்படியே ஏற்றினால் மறுமுனையில் இருப்பவரால் திறக்க முடியாது. இதற்குத் தனி சாப்ட்வேர் எதுவும் தேவையில்லை. பைலை குரோம் பிரவுசரில் பாஸ்வேர்டு கொடுத்துத் திறந்து, பிரிண்ட் கட்டளை கொடுத்து, பிரிண்டருக்குப் பதில் 'சேவ் அஸ் பிடிஎப்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பூட்டு இல்லாத புதிய பைல் கிடைக்கும். காகித ஆவணங்களை 200 டிபிஐ, கிரே ஸ்கேலில் ஸ்கேன் செய்தால் எழுத்தும் தெளிவாக இருக்கும், பைலும் பெருக்காது. கலர் வேண்டியது போட்டோவுக்கு மட்டும்தான். அதை இர்பான்வியூ போன்ற இலவச புரோகிராமில் சிறிதாக்கிக்கொள்ளலாம்.

இன்னொன்று. இமெயில் முகவரியும் மொபைல் எண்ணும் விண்ணப்பிப்பவருடையதாகவே இருக்க வேண்டும். மாமாவின் நண்பர் ஒருவர் பிரவுசிங் சென்டரில் போய் விண்ணப்பித்தார். கடைக்காரப் பையன் அவசரத்துக்குத் தன் இமெயிலையே கொடுத்துவிட்டான். ஆணையத்திலிருந்து வந்த விளக்கக் கடிதம் அந்தப் பையனின் இன்பாக்ஸில் மாதக் கணக்கில் கிடந்தது. மாமாவுக்கு முதல் வேலையாக ஒரு ஜிமெயில் கணக்கு திறந்து அவருடைய போனிலேயே போட்டுக் கொடுத்தேன்.

விண்ணப்பமும் கட்டணமும்

படிவத்தை நிரப்புவதில் பெரிய வித்தை இல்லை. பெயர், முகவரி, தொழில் விவரம், வேறு மாநிலத்தில் பதிவு உண்டா, வழக்கு எதுவும் நிலுவையில் உண்டா என்கிற மாதிரி விவரங்கள்தான். பதில்களை முதலில் நோட்பேடில் எழுதி வைத்து காப்பி, பேஸ்ட் செய்யுங்கள். அரசு வெப்சைட்கள் நடுவில் தூங்கிவிடுவது உண்டு.

2017 விதிகளில் பதிவுக் கட்டணம் தனிநபருக்கு 25,000 ரூபாய், நிறுவனமாக இருந்தால் 50,000 ரூபாய் என்று வைத்திருந்தார்கள். கட்டும் முன் தளத்தில் அன்றைக்கு என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பணம் போய் ரசீது வராமல் நின்றுவிட்டால் பதற்றத்தில் உடனே இரண்டாவது முறை கட்டாதீர்கள். பாங்க் எஸ்எம்எஸ்ஸையும் பரிவர்த்தனை எண்ணையும் வைத்துக்கொண்டு விண்ணப்பத்தின் நிலையை முதலில் பாருங்கள்.

ஒரு விண்ணப்பத்தை நிராகரிக்கும் முன் விண்ணப்பதாரரின் விளக்கத்தைக் கேட்க வேண்டும் என்பது சட்டம். அதனால் திருப்பிக் கேள்வி வந்தால் 'போச்சு' என்று விட்டுவிட வேண்டாம். மாமாவிடம் முகவரிச் சான்று தெளிவாக இல்லை என்றார்கள். மறுபடி ஸ்கேன் செய்து அனுப்பினோம். எண் வந்தது. நின்றிருந்த கமிஷன், வரிப் பிடித்தம் போக, செக்காகவே வந்தது. மாமாவின் தொழில் வாழ்க்கையில் முழுக் கமிஷனும் பாங்க் வழியாக வந்தது அதுதான் முதல் முறை.

எண்ணைப் படிப்பது எப்படி?

தமிழ்நாட்டில் ஏஜென்டின் எண் டிஎன், ஏஜென்ட், ஒரு வரிசை எண், ஆண்டு என்ற வரிசையில் சாய்கோடுகளுடன் இருக்கும். திட்டத்தின் எண் வேறு மாதிரி. அதில் டிஎன் என்பதற்குப் பிறகு மாவட்டத்துக்கான எண், அடுத்து 'லே-அவுட்' அல்லது 'பில்டிங்' என்ற சொல் வரும். சிலர் விசிட்டிங் கார்டில் லே-அவுட்டின் எண்ணை அச்சடித்து 'எங்கள் ரெரா எண்' என்கிறார்கள். அது அந்த மனைப் பிரிவின் எண், அவருடையது அல்ல. நடுவில் ஏஜென்ட் என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள், போதும்.

பதிவான ஏஜென்ட்களின் பெயரையும் போட்டோவையும் ஆணையம் தன் வெப்சைட்டில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். நிராகரிக்கப்பட்டவர்கள், பதிவு ரத்தானவர்கள் விவரமும் அதில் அடக்கம். ஆக, ஒருவர் எண்ணைச் சொன்னால் எழுதிக்கொண்டு வந்து வீட்டில் உட்கார்ந்து சரிபாருங்கள்.

எண் வந்த பிறகுதான் வேலை

10-ஆவது பிரிவு ஏஜென்டின் கடமைகளைச் சொல்கிறது. பதிவாகாத திட்டத்தின் மனையை விற்கக் கூடாது. கணக்குகளையும் ஆவணங்களையும் பாதுகாக்க வேண்டும். வாங்குபவருக்குச் சேர வேண்டிய தகவல்களும் ஆவணங்களும் புக்கிங் நேரத்திலேயே அவர் கைக்குப் போக உதவ வேண்டும். பொய்யான தகவலை எழுத்திலோ வாய்மொழியிலோ சொல்லக் கூடாது. வாய்மொழி! 'பஸ் ஸ்டாண்ட் இங்கேதான் வரப்போகுது' என்பது இந்தத் தொழிலின் தேசிய கீதம் அல்லவா?

கணக்கு வைப்பது என்றால் மாமாவுக்கு அதுவரை சட்டைப் பையில் இருந்த ஒரு சிறிய டைரிதான். அவருக்காக எக்ஸெலில் ஒரு ஒர்க்புக் தயாரித்தேன். இலவசமான லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமிலும் இதைச் செய்யலாம். தேதி, வாங்குபவர், திட்டத்தின் பெயர், திட்டத்தின் ரெரா எண், காட்டிய மனை எண், கொடுத்த ஆவணங்கள், பெற்ற தொகை என்று ஏழு பத்திகள். தேதிக்குக் கன்ட்ரோல் கீயுடன் செமிகோலனை அழுத்தினால் அன்றைய தேதி தானே வரும். ஆவணங்கள் பத்தியில் கன்ட்ரோல் கே அழுத்தி, அந்த வாடிக்கையாளரின் போல்டருக்கு ஹைப்பர்லிங்க் கொடுத்தேன். போல்டர்களுக்கு ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் பெயர் வைத்தால் தாமாகவே வரிசைப்படும்.

பேச்சு முழுக்க வாட்ஸ்அப்பில் நடப்பதால் அதையும் சேமிக்க வேண்டும். ஆண்ட்ராய்டு போனில் அந்த உரையாடலைத் திறந்து, மேலே மூன்று புள்ளியைத் தொட்டு, 'மோர்' பகுதியில் 'எக்ஸ்போர்ட் சாட்' கொடுத்தால் டெக்ஸ்ட் பைலாக வெளியே வரும். அதை உங்கள் இமெயிலுக்கே அனுப்பி போல்டரில் போட்டு வையுங்கள். 'நீங்கள் இப்படிச் சொன்னீர்கள்' என்று பின்னால் ஒரு சண்டை வந்தால் இரண்டு பக்கத்துக்கும் அதுதான் சாட்சி.

பதிவு வந்த சில மாதங்களில் மாமாவுக்கு ஒரு சோதனை. அவருடன் சின்ன வயதிலிருந்து பழகிய ஒருவர், வயலைச் சமப்படுத்தி மனை போட்டிருந்தார். அளவு 500 சதுர மீட்டரைத் தாண்டி எங்கேயோ இருந்தது. ரெரா எண் 'அப்ளை பண்ணியிருக்கு, வந்துடும்' என்ற நிலை. மனைக்கு 3 சதவீதம் தருவதாகச் சொன்னார். மாமா எண் வரும் வரை முடியாது என்றுவிட்டார். "முன்னெல்லாம் வித்திருப்பேன் மாப்ள. இப்ப அந்த வெப்சைட்ல என் மூஞ்சி இருக்கு" என்றார். அந்த நண்பர் இப்போது வழியில் பார்த்தாலும் பேசுவதில்லை. மனைகள் வேறு ஆட்கள் மூலம் விற்றும் போயின. பதிவு பெற்ற ஏஜென்டுக்கு நஷ்டமும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை.

எண் இருந்தால் எல்லாம் சரியா?

இல்லை. வாங்குபவர்கள் இதைத்தான் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். மாமாவின் கார்டில் எண்ணைப் பார்த்த ஒருவர், "அப்ப பத்திரம் எல்லாம் கவர்மெண்டே பார்த்தாச்சு, இல்லையா?" என்று கேட்டார். "அது எனக்குக் குடுத்த நம்பர் சார், மனைக்கு இல்ல" என்றார் மாமா.

இந்தச் சட்டம் ஏஜென்டுக்குத் தேர்வு எதையும் வைக்கவில்லை. ஒரு டேட்டாபேஸ் சான்றிதழுக்கு நான் மூன்று மாதம் படித்தேன். இருபது லட்ச ரூபாய் சொத்தைக் கைமாற்றி விடுபவர் வில்லங்கச் சான்றைப் படிக்கத் தெரிந்தவரா என்று மாமாவிடம் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. மகாராஷ்டிர ஆணையம் 2023-ல் ஏஜென்ட்களுக்கு 20 மணி நேரப் பயிற்சியையும் தேர்வையும் கட்டாயமாக்கியது. அப்படி ஒன்று எல்லா மாநிலங்களிலும் வர வேண்டும் என்பது என் கருத்து. மாமாவுக்கு இதில் உடன்பாடு இல்லை. "புஸ்தகம் படிச்சவன் வரப்புல நடந்து பார்த்திருப்பானா?" என்கிறார்.

ஆகவே ஏஜென்டைச் சரிபார்த்த பிறகு திட்டத்தின் எண்ணையும் அதே வெப்சைட்டில் தேடுங்கள். பதிவுத் துறையின் தளத்தில் வில்லங்கத்தைப் பாருங்கள். வருவாய்த் துறையின் இணையச் சேவையில் பட்டாவைப் பாருங்கள். பதிவான திட்டத்தில், எழுத்துப்பூர்வமான விற்பனை ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் புரமோட்டர் வாங்கக் கூடாது என்பதும் ரெரா சட்டத்தில் இருக்கிறது. 'இன்னிக்கே பாதிப் பணம் கட்டினா ஆபர்' என்று அவசரப்படுத்தினால் இதைச் சொல்லிப் பாருங்கள். ஏஜென்ட் மீதும் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். அப்போது நீங்கள் சேமித்து வைத்த மெசேஜ்கள் கைகொடுக்கும்.

பதிவு ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். மாமாவின் எண் 2027-ல் முடிகிறது. மூன்று மாதம் முன்பே நினைவூட்டும்படி அவருடைய போன் காலண்டரிலும் என்னுடையதிலும் பதிந்து வைத்திருக்கிறேன். ஒர்க்புக்கின் பேக்கப் ஒன்று பென் டிரைவிலும் ஒன்று கூகுள் டிரைவிலும் இருக்கிறது. டைரியை அவர் இன்னும் விடவில்லை. பகலில் அதில் எழுதிக்கொள்கிறார், இரவில் மகள் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறாள்.